புந்தோங் உடையப்பனின் பறக்கும் பலூன்கள்

உடையப்பனுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்படித்தான். பத்து காஜாவில் ஒரு மளிகைக் கடைக்காரர், "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குள்ள கொண்டாந்துடுவியா?" என்று கேட்டால், கோப்பெங்கில் இன்னொருவருக்கும் அதே ஏழு மணியைச் சொல்லியிருப்பது நினைவிருந்தும், "போலே லா அண்ணே" என்பான். 'போலே' என்றால் மலாயில் முடியும்; 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் அசை. கடைக்காரர்கள் அவனுக்குப் 'போலே' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். குறுக்கு வழியில் விரட்டிப் போய் எப்படியோ இரண்டு கடைக்கும் ரொட்டியைச் சேர்த்துவிடுவான் என்பதும் உண்மைதான்.

பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன். தகப்பனார் அப்பாவு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். உடையப்பன் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. தோட்டத்தைப் பற்றி அவனுக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால், மழைக்காலத்தில் அங்கே கக்கூஸ் நிரம்பி வாசல்வரை வரும் என்பதைத்தான் முதலில் சொல்வான்.

மனைவி ஷாமினி சிலிபினில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் கையில் ஒரு தாளும் கத்தரியும் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் மயிலோ யானையோ வந்துவிடும். ஒரே மகள் தர்மினி.

கொரோனா வந்த வருடம் ரொட்டிக் கம்பெனி பாதி வழித்தடங்களை நிறுத்தியது. உடையப்பனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலர் பள்ளியும் மூடிக் கிடந்தது. வெளியே போக முடியாமல் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில், பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அங்கலாய்த்தாள்.

"பேத்திக்கு மொத வருசப் பொறந்தநாளு லா, ஷாமினி. யாரையும் கூப்பிட முடியல. கேக்கு கூட மருமகன் வீட்டுலயே செஞ்சிட்டாரு. பாக்க வீடு என்னமோ எழவு வீடு மாதிரி இருக்கு."

பாலர் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கி மிஞ்சிய பலூன்கள் ஷாமினியின் அலமாரியில் இருந்தன. மறுநாள் காலையில் அவளும் தர்மினியும் வாயாலேயே ஊதி, தூண்டில் நரம்பில் கோத்து, கருப்பம்மாள் வீட்டுக் கேட்டில் வளைத்துக் கட்டினார்கள். நிறங்கள் பொருந்தவில்லை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தது. ஆனாலும் கருப்பம்மாளின் மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படம் புந்தோங் முழுக்கச் சுற்றியது. அடுத்த வாரமே இரண்டு பேர் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கும் கட்டித்தர முடியுமா என்று கேட்டார்கள்.

"போலே லா," என்றான் உடையப்பன், ஷாமினியைக் கேட்காமலே.

அவர்கள் தொழில் ஆரம்பித்தது அப்படித்தான். யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாத காலம் என்பதால் கேட்டில் கட்டும் பலூனுக்குத் திடீரென்று மவுசு வந்தது. உடையப்பன் ஒரு பழைய வேனை வாங்கினான். ஷாமினி வீடியோ பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டாள். அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஊதிய பலூனை அதற்குள் விட்டு எல்லாவற்றையும் ஒரே அளவாக்குவது, நான்கு பலூனை வாலோடு வால் முறுக்கி ஒரு கொத்தாக்குவது, வெள்ளைப் பலூனுக்குள் இளஞ்சிவப்புப் பலூனை நுழைத்து ஊதிக் கடையில் கிடைக்காத ஒரு நிறத்தைக் கொண்டுவருவது என்று ஒவ்வொன்றாக வசப்பட்டது. அவள் விரல்கள் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்து உடையப்பனுக்குச் சிரிப்பு வரும்.

"மெசினு மாதிரி போடுற லா நீ."

"பேசாம பம்ப அடிங்க. ஒங்களாலதான் நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

கட்டுப்பாடுகள் தளர்ந்து மண்டபங்கள் திறந்தபோது வேலை பெருகியது. பிறந்தநாள், நிச்சயதார்த்தம், பூப்பு நீராட்டு, கடைத் திறப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. சிலிபினில் ஒரு கடையின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து 'ஷாமினி பெலோன்' என்று, பலூனுக்கு மலாயில் சொல்வதுபோல, பலகை மாட்டினார்கள். பாலர் பள்ளி மறுபடி திறந்து கூப்பிட்டபோது ஷாமினி போகவில்லை. தன் பெயரைப் பலகையில் பார்த்த அன்று அவள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் கூப்பிட்டும் உடனே வரவில்லை. வாழ்க்கையில் தான் செய்த நல்ல காரியம் எது என்று அவனைக் கேட்டால் இன்றைக்கும் அந்தப் பலகையைத்தான் சொல்வான்.

சிக்கல் பறக்கும் பலூனில் வந்தது. நூலில் கட்டிய பலூன் கூரையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அதற்கு ஹீலியம் வேண்டும். முதலில் நகரத்தில் ஒரு கேஸ் கடையில் சிலிண்டரை வாடகைக்கு எடுத்தார்கள். சிலிண்டரை இங்கே எல்லோரும் தொங் என்பார்கள். சில மாதங்களில் ஹீலியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. விலை ஏறியது. பிறகு விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. எப்போது கேட்டாலும் அடுத்த வாரம் என்றார்கள்.

"பறக்குற பலூன் இல்லன்னு சொல்லிடுங்க," என்றாள் ஷாமினி. "காத்தடிச்ச பலூன்லயே அழகா செஞ்சி கொடுக்கலாம்."

"அப்படிச் சொன்னா வேற கடைக்குப் போயிருவாங்க லா."

"போவட்டுமே. எல்லாரும் நம்மகிட்டயேவா வரணும்?"

அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் போனில் ஒரு தாய் தன் பிள்ளையின் பிறந்தநாளைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, கடைசியில் அந்தச் சொல் அவன் வாயில் வராது. வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகுதான் தலையில் கைவைத்து உட்காருவான்.

சீனி தோட்டத்தில் அவனோடு வளர்ந்த கூட்டாளி. பட்டறைகளுக்கு வெல்டிங் கேஸ் கொண்டுபோய்ப் போடுகிறவன். ஒரு சாயங்காலம் புந்தோங்கில் தேநீர்க்கடையில் உடையப்பன் புலம்பியதைக் கேட்டுவிட்டுக் கேட்டான்.

"பறக்கணும், அவ்வளவுதானே மச்சான்?"

"அவ்வளவுதான் லா."

"எங்கிட்ட ஒரு கேஸ் இருக்கு. ஹீலியம் இல்ல, ஹைட்ரஜன். ஹீலியத்த விட நல்லாவே பறக்கும். ஆனா ஒண்ணு, நெருப்புக்கிட்ட மட்டும் போவக் கூடாது. பத்திக்கும்."

"நான் என்னா நெருப்பா மூட்டப் போறேன்? பலூன்தானே."

"சொல்றத சொல்லிட்டேன் மச்சான். பாத்துக்கோ."

தொங் கடைக்கு வந்த அன்று ஷாமினி அதைத் தட்டிப் பார்த்தாள். "ஹீலியம் கெடச்சிருச்சா? யாருக்கிட்ட?"

"சீனிக்கிட்ட. புது சப்ளை."

"அப்பாடா," என்றாள் அவள். அவ்வளவுதான் நடந்தது. அந்த 'அப்பாடா'வைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

மாதங்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. அவன் தனக்குள்ளேயே சில விதிகள் வைத்துக்கொண்டான். கடைக்கு வெளியே, காற்றோட்டத்தில்தான் கேஸ் அடைப்பான். பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால், "பலூன் கெட்டுப் போவும் அண்ணே," என்று தள்ளி நிற்கச் சொல்வான். வாடிக்கையாளர் வீட்டில் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும் போகமாட்டான். கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி அணைக்கும்வரை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். ஷாமினிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"இவருக்குக் கேக் வெட்டுறதப் பாக்கணும், சின்னப் பிள்ள மாதிரி," என்று கருப்பம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

பத்து காஜாவில் ஸ்கந்தராஜா என்று ஒரு பெரியவர் இருந்தார். நில அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய எண்பதாவது பிறந்தநாளைக் கொண்டாட மகள் தர்சிகா கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். கடைக்கு வந்து கைப்பேசியில் படம் காட்டினாள்.

"இப்படி கோல்ட் கலர்ல, சீலிங் முழுக்க நிக்கணும். அப்பா சின்னப் பிள்ளையில பலூனே பார்த்ததில்லையாம், இப்ப ஆசையா கேக்கிறார். அவர் நாற்காலியிலயும் ஒரு கொத்து கட்டணும். ஞாயிறு சாயங்காலம் முடியுமா?"

அதே ஞாயிறு சாயங்காலம் கோப்பெங்கில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது உடையப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஷாமினியும் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போலே லா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பத்து காஜாவில் வேலையைப் பாதி முடித்தபோது கோப்பெங்கிலிருந்து போன் மேல் போன் வந்தது. மீதியை நீ பார்த்துக்கொள் என்று ஷாமினியிடம் சொல்லிவிட்டு அவன் வேனுக்கு நடந்தான். கதவைத் திறந்தவன் திரும்பி வந்தான்.

"கேக்குப் பக்கத்துல பலூன் வேணாம். தள்ளிக் கட்டு."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். வேனுக்கும் வாசலுக்கும் இடையில் வேறு யாரும் இல்லை. இரண்டு வார்த்தை போதும்.

"சும்மா லா. வெடிச்சா பெரியவரு பயந்துருவாரு."

"சரி, சரி. நீங்க கெளம்புங்க. அங்க கத்துறாங்க."

கோப்பெங்கில் ஏணியின்மேல் நின்று வளைவைக் கட்டிக்கொண்டிருந்தபோது தர்சிகாவின் அழைப்பு வந்தது. அவள் பேசியது எதுவும் தெளிவாக இல்லை. பின்னால் கூச்சல் கேட்டது. "நெருப்பு", "உங்க வைஃப்" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் புரிந்தன.

நடந்ததை அவன் பிறகு பலர் வாயால் கேட்டான். ஷாமினி அவன் சொன்னபடி பலூன்களை மேசையிலிருந்து தள்ளித்தான் கட்டியிருந்தாள். பாட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி போதும் என்று தர்சிகா சொல்லியும் பெரியவர் கேட்கவில்லை. நிஜ மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றார். ஊதி அணைக்க வாகாக நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியோடு அதில் கட்டியிருந்த கொத்தும் வந்தது. மின்விசிறிக் காற்றில் கொத்து தாழ்ந்து கேக்கின் பக்கம் சாய்ந்தது. தீ பட்டால் பலூன் வெடித்துப் பெரியவர் திடுக்கிடுவாரே என்று ஷாமினி ஓடிப்போய் மொத்தக் கொத்தையும் இரண்டு கையாலும் பிடித்துத் தன் மார்போடு இழுத்தாள். ஒரு பலூன் சுடரில் பட்டது. வெடிச் சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். குப்பென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பெரியவருக்குப் புருவமும் முன்முடியும் கருகியதோடு போயிற்று. ஷாமினிக்கு இரண்டு கைகள், முகவாய், கழுத்தின் ஒரு பக்கம்.

எரியக்கூடியது என்று தெரிந்திருந்தால் அவள் அதைத் தொட்டிருக்கமாட்டாள், பெரியவரைத்தான் இழுத்திருப்பாள். உடையப்பன் இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டான்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க விட்டபோது கைகள் இரண்டும் வெள்ளைக் கட்டுக்குள் இருந்தன. முகத்தில் மருந்து பூசியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்ததும் மெல்லக் கேட்டாள்.

"பெரியவருக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காரு."

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "ஹீலியம் எரியாதுன்னு வீடியோவுல சொன்னாங்களே. என்னா கேஸுங்க அது?"

"தெரியல லா," என்றான் உடையப்பன். "சீனியத்தான் கேக்கணும்."

அவள் நம்பினாள். "அந்தாளுகிட்ட கேளுங்க. ஏமாத்திட்டான் போலருக்கு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது ஸ்கந்தராஜா வந்தார். தர்சிகா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறார். பிறந்தநாளுக்குப் போட்ட பட்டுச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கருகிய புருவத்தோடு படுக்கையின் காலடியில் நின்று அழுதார்.

"பிள்ளை, என்னாலதானே இது. மெழுகுதிரி வேண்டாமெண்டு மகள் சொன்னவள். நான் கேக்கேல்லை. கதிரையையும் நான்தான் இழுத்தனான். எண்பது வயசில எனக்கென்ன பலூன் கேக்குது? என்னாலதானே..."

ஷாமினி தூக்க மருந்தில் இருந்தாள், பதில் சொல்லவில்லை. உடையப்பன் அவருக்கு நேரே நின்றான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். "விடுங்க ஐயா, அழாதீங்க," என்று மட்டும் அவன் சொன்னான். அவர் அழுதுகொண்டே திரும்பிப் போனார்.

மறுநாள் முற்பகல் அவன் உடைமாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தான். அந்த நேரத்தில் போம்பாவிலிருந்து, அதாவது தீயணைப்புப் படையிலிருந்து, ஓர் அதிகாரி ஷாமினியிடம் வாக்குமூலம் வாங்க வந்திருக்கிறார். நல்ல மனிதர். மலாயில் நிதானமாக விசாரித்திருக்கிறார். காலையிலேயே கடைக்குப் போய்த் தொங்கை எடுத்தாயிற்று, அது ஹைட்ரஜன், சீனியையும் விசாரித்தாயிற்று, என்ன கேஸ் என்று சொல்லி எச்சரித்துத்தான் உங்கள் கணவரிடம் கொடுத்ததாகச் சொல்கிறான், உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

"தெரியாது," என்று ஷாமினி சொல்லியிருக்கிறாள்.

உடையப்பன் திரும்பி வந்தபோது சித்தியவான் ஊரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த தர்மினி பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். வார்டுக்கு வெளியிலேயே அவனை நிறுத்தினாள்.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவன் வார்டுக் கதவைப் பார்த்தான்.

"நேத்து அம்மா ஒங்ககிட்ட கேட்டாங்களாமே. தெரியலன்னு சொன்னீங்களாம்."

"பயந்துட்டேன் லா, ம்மா."

"அம்மாவுக்கு அது வேற ஒருத்தர் வந்து சொல்லித் தெரியணுமா?" அவள் குரல் உடைந்தது. "உள்ள போங்க. ஆனா இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

உள்ளே போனான். ஷாமினி அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வழக்கு நடந்தது. உடையப்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். கடையைக் காலி செய்தார்கள். பலகையை அவனே கழற்றினான். பொட்டலங்களை ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தான். ஷாமினிக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். நெடுநாள் இறுக்கமான கையுறை போட்டுக்கொண்டிருந்தாள். வலக்கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இப்போதும் மடங்குவதில்லை.

அந்த மாதங்களில் சோறு ஊட்டியதும் தலை சீவிவிட்டதும் அவன்தான். எல்லாவற்றுக்கும் அவள் இடம்கொடுத்தாள். "தண்ணி," என்பாள். "போதும்," என்பாள். நர்ஸிடம் பேசுவதுபோலப் பேசினாள். ஒருமுறையாவது தன்னைத் திட்டினால் தேவலை என்று அவன் காத்திருந்தான். தட்டைத் தூக்கி எறிந்தால்கூட நல்லதுதான் என்று நினைத்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டொரு முறை வாயெடுத்தான். "இப்ப வேணாம் லா," என்று அவள் கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு சனிக்கிழமை அவன் தனியாகப் பத்து காஜாவுக்குப் போனான். ஸ்கந்தராஜா முன் அறையில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். புருவம் வளர்ந்திருந்தது. அவனை அடையாளம் கண்டதும் வானொலியை நிறுத்தினார்.

"ஐயா, ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன். தப்பு எம்மேலதான். அந்த கேஸு..."

"எனக்குத் தெரியும் தம்பி. போம்பா ஆக்கள் வந்து சொன்னவை." அவர் உட்காரச் சொன்னார். அவன் உட்காரும்வரை பொறுத்தார். பிறகு சொன்னார்: "கேஸ் மாத்திப் போட்டது பிழைதான். பிழை விடாத மனுசர் இல்லை. ஆனா அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் அழுதுகொண்டு நிண்டனான். நீர் பார்த்துக்கொண்டு நிண்டீர்."

உடையப்பன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"என்னாலதான் அந்தப் பிள்ளை வெந்து போச்செண்டு நான் நித்திரையில்லாமக் கிடந்தனான். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் நீர்."

"சொல்லியிருக்கணும் ஐயா."

"ம்," என்றார் பெரியவர். உள்ளே குரல் கொடுத்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். வந்ததை உடையப்பன் குடித்தான். ஷாமினியின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுபடியும் வா என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் இறந்துபோன செய்தியைத் தர்சிகா ஷாமினிக்குத்தான் அனுப்பினாள். ஷாமினி இறுதிச் சடங்குக்குப் போக வேண்டும் என்றாள். உடையப்பன் வேனில் கூட்டிக்கொண்டு போனான். கேட்டுக்கு உள்ளே போகாமல் ரோட்டோரத்தில் நின்றான்.

ஷாமினியின் பழைய பாலர் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. பலூன் கட்டித்தர முடியுமா என்று தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஷாமினி சம்மதித்தாள். அவள் விரல்களால் முடிச்சுப் போட முடியவில்லை என்பதால் கருப்பம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நிறம் தேர்வதும் வளைவை அமைப்பதும் இவள், முடிச்சு கருப்பம்மாள் என்று ஆயிற்று. விழா முடிந்து வந்த அன்றே இன்னொருவர் கூப்பிட்டார். இப்போது கடை இல்லை, பலகை இல்லை. வீட்டு முன்கூடம்தான். ஓய்வு நாட்களில் உடையப்பன் வேன் ஓட்டுகிறான், ஏணி பிடிக்கிறான், பம்ப் அடிக்கிறான். போனை அவன் எடுப்பதில்லை. ஷாமினிதான் எடுக்கிறாள்.

ஒருமுறை ஈப்போவிலேயே மேடான் பகுதியில் ஒரு வீட்டில் வேலை முடிந்து பொருட்களை ஏற்றும்போது அந்த வீட்டுப் பெண் கேட்டாள். "அக்கா, அடுத்த தடவ பறக்குற பலூன் போடலாமா?"

"எங்ககிட்ட கேஸ் பலூன் கெடையாது லா," என்றாள் ஷாமினி.

"ஏன் அக்கா?"

"தப்பான கேஸப் போட்டு ஒரு வாட்டி தீப்பிடிச்சிருச்சு." கையை நீட்டிக் காட்டினாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. யாரிடமும் அவள் இதை மறைப்பதில்லை. கேட்கிற ஒவ்வொருவரிடமும் இதே வார்த்தைகளில் சொல்கிறாள். இரண்டடி தள்ளி நின்று ஏணியை மடக்கிக்கொண்டிருந்த உடையப்பன் அதை மடக்கி முடித்தான்.

அன்று திரும்பும் வழியில் வேனில் இருவர் மட்டும் இருந்தார்கள். அவன்தான் ஆரம்பித்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

"ஏன், பொய்யா?"

"இல்ல லா. கேக்க ஒரு மாதிரியா இருக்கு."

அவள் இருக்கை வாரைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, அத்தனை காலமாக அவன் எதிர்பார்த்துக் காத்திருந்த பேச்சை, மார்க்கெட் போகும் வழியில் பேசுவதுபோலச் சாதாரணமாகப் பேசினாள்.

"நெருப்புப் பட்டத நான் எப்பவோ விட்டுட்டேங்க. நீங்க வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். வேலைய விட மனசில்லாம செஞ்சீங்க. ஆனா கை ரெண்டும் வெந்து கெடக்கையில நான் ஒங்கள நம்பித்தான் கேட்டேன். வேற யாரைக் கேப்பேன்? அப்ப 'தெரியல'ன்னீங்க பாருங்க. அதத்தான் என்னால எங்கயும் வைக்க முடியல."

"மன்னிச்சிரு ஷாமினி."

"மன்னிச்சாச்சு லா. அது வேற." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சிக்னல் விழுந்திருச்சு, போங்க."

வீட்டில் சண்டை கிடையாது. ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். தர்மினி படிப்பை முடித்துச் சித்தியவானிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு வரும்போது அப்பாவுக்குச் சட்டை வாங்கி வருகிறாள். புந்தோங்கில் அவர்களைப் பார்க்கிறவர்கள் நல்ல ஜோடி என்றுதான் சொல்வார்கள். ஷாமினியின் வேலைக்கு மறுபடியும் நல்ல பெயர் வந்துவிட்டது.

போன வாரம் கோப்பெங்கில் ஒரு மண்டபத்தில் வேலை. அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மண்டபத்த எத்தன மணிக்குத் தொறக்குறாங்களாம்?" என்று ஷாமினி கேட்டாள்.

"எட்டு மணிக்கு. நேத்தே கேட்டுட்டேன்," என்றான் உடையப்பன்.

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல் தாழ்ந்து கேட்டது. மண்டபத்துக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எட்டு மணிதானே அண்ணே? சரி, சரி. சும்மா உறுதிப்படுத்திக்கத்தான்."

உடையப்பன் கேட்காததுபோல வேனின் பின்கதவைத் திறந்து ஏணியை உள்ளே தள்ளினான்.